மஞ்சள் அட்டை யாருக்கு?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டும் சமத்துவமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் சுலைமான் அலி முன்டாரி. கால்பந்து உலகில் சுல்லி முன்டாரி. கானா நாட்டுக்காரர். பதின்ம வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, இத்தாலி, இங்கிலாந்து, சவூதி அரேபியா, ஸ்பெயின் என்று வெளிநாடுகளிலேயே தன் ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர்.

கால்பந்து பார்க்கும் தோழர்களுக்குக்கூட இந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். மெஸ்ஸி, ரொனால்டோ மாதிரி சுவரொட்டியில் வருகிற நட்சத்திரம் கிடையாது. ஆனால் இவருடைய வாழ்க்கையில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. ஒன்று 2012 பிப்ரவரி 25. இன்னொன்று 2017 ஏப்ரல் 30. இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அமைப்பு எந்தத் தவறைச் செலவு செய்து திருத்தும், எந்தத் தவறைச் சுவரொட்டி ஒட்டிக் கடந்துபோகும் என்பது விளங்கும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். முன்டாரி 1984-இல் கானாவின் அஷாந்தி பகுதியில் கோனோங்கோ என்ற ஊரில் பிறந்தார். தங்கச் சுரங்கத்துக்குப் பெயர்போன ஊர். ஆப்பிரிக்காவின் தங்கம் ஐரோப்பாவுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். கால்பந்திலும் ஏறக்குறைய அதே வழித்தடம்தான். இளம் ஆட்டக்காரர்களைச் சிறுவயதிலேயே அடையாளம் கண்டு, குறைந்த விலைக்கு எடுத்து, வளர்த்து, பெரிய கிளப்புக்குப் பெரிய விலைக்கு விற்பது. இந்தத் தொழிலில் கைதேர்ந்த கிளப் இத்தாலியின் உடினேசே. முன்டாரியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். 2007 வரை அங்கே ஆடினார். பிறகு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அவரை வாங்கியது.

போர்ட்ஸ்மவுத்தில் ஒரே ஒரு சீசன்தான். அந்தச் சீசனில் எஃப்.ஏ. கோப்பையை அந்த அணி வென்றது. காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்திய ஒரே கோல், முன்டாரி அடித்த பெனால்டி. அப்போது யுனைடெட்டின் ஒரு கோல்கீப்பருக்குக் காயம், இன்னொருவருக்குச் சிவப்பு அட்டை. கடைசியில் தடுப்பாட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு முன்டாரி இன்டர் மிலானுக்குப் போனார். 2010-இல் இன்டர் இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வென்றது. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கானாவுக்காக 2006, 2010, 2014 என்று மூன்று உலகக் கோப்பைகள். 2006-இல் கானா முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போய் செக் குடியரசை 2-0 என்று வென்றபோது இரண்டாவது கோல் இவருடையது. 2010 காலிறுதியில் உருகுவேக்கு எதிராக வெகு தூரத்திலிருந்து அடித்த கோலும் இவருடையதே.

இவ்வளவு செய்த ஒருவரை ஏன் பலருக்குத் தெரியவில்லை? நடுக்கள ஆட்டக்காரரின் வேலை அப்படி. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும், பறித்ததைச் சரியான ஆளிடம் கொடுக்க வேண்டும், பின்னால் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். முடிகிற வேலை அடுத்தவர் பெயரில் முடியும். முன்டாரி இடதுகால் ஆட்டக்காரர், முரட்டுத்தனமாக மோதுகிறவர். மஞ்சள் அட்டைகளுக்குப் புதியவர் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது முதல் நாளுக்கு வருவோம். 2012 பிப்ரவரி 25. முன்டாரி அப்போது ஏசி மிலான் அணிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். இத்தாலிய லீக்கில் முதலிடத்துக்குப் போட்டி போட்ட இரண்டு அணிகள், மிலானும் யுவென்டஸும், மோதுகின்றன. மிலான் 1-0 என்று முன்னிலை. முதல் பாதியிலேயே முன்டாரி தலையால் முட்டிய பந்து கோல் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறது. மயிரிழையில் இல்லை, நன்றாகவே தாண்டியது. யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் உள்ளே போன பந்தைக் கையால் தட்டி வெளியே தள்ளுகிறார். கோட்டு நடுவர் பார்க்கவில்லை. கோல் கொடுக்கப்படவில்லை. ஆட்டம் 1-1 என்று முடிகிறது. அதே ஆட்டத்தில் யுவென்டஸின் ஒரு சரியான கோலும் தவறாக மறுக்கப்பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். சீசன் முடிவில் யுவென்டஸ் 84 புள்ளிகள், மிலான் 80 புள்ளிகள். பட்டம் யுவென்டஸுக்கு. பந்து கோட்டைத் தாண்டியது தெரிந்திருந்தாலும் நடுவரிடம் சொல்லியிருக்கமாட்டேன் என்று புஃபோன் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்.

இத்தாலி முழுக்க மாதக்கணக்கில் இதே பேச்சு. பேசியதோடு நிற்கவில்லை. அடுத்த சீசனிலிருந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கூடுதல் நடுவர்களை நிறுத்தினார்கள். 2015-16 சீசனில் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்தது. பல கேமராக்கள் சேர்ந்து பந்தின் இடத்தைக் கணக்கிடும். கோட்டை முழுதாகத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் சொல்லும். 2017-18 சீசனில் காணொளி நடுவர் முறையும் வந்தது. முன்டாரியின் கோல் மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல மாட்டேன். 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டுக்கு இப்படி ஒரு கோல் மறுக்கப்பட்டதிலிருந்தே உலகம் முழுக்க இந்த விவாதம் ஓடியது. ஆனால் இத்தாலியில் இந்த விவாதத்துக்கு முகம் கொடுத்தது முன்டாரியின் கோல். மூன்றே ஆண்டுகளில், மனிதக் கண் தவறவிடுவதைப் பிடிக்க ஓர் இயந்திரம் கிடைத்துவிட்டது.

இனி இரண்டாவது நாள். 2017 ஏப்ரல் 30. முன்டாரிக்கு வயது 32. சவூதி அரேபியாவின் அல் இத்திஹாதில் ஆடிவிட்டு, இத்தாலிக்குத் திரும்பி, பெஸ்காரா என்ற சிறிய அணிக்கு ஆடுகிறார். அந்த அணி முதல்நிலை லீக்கிலிருந்து கீழே இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. சார்தீனியா தீவில், காலியாரி அணியின் மைதானத்தில் ஆட்டம். வென்றாலும் தோற்றாலும் பெஸ்காராவுக்கு எதுவும் மாறப்போவதில்லை.

கேலரியிலிருந்து சிலர் முன்டாரியின் நிறத்தைச் சொல்லிக் கத்துகிறார்கள். அவர்களில் ஒரு சிறுவனும் இருந்தான் என்று முன்டாரி ஆட்டம் முடிந்ததும் சொன்னார். பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார்களாம். முன்டாரி அந்தச் சிறுவனிடம் போனார். திட்டவில்லை. இப்படிச் செய்யக்கூடாது என்று எடுத்துச் சொல்லி, தன் ஜெர்சியைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் நல்லவிதமாக வளர வேண்டும், அதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்று நினைத்துக் கொடுத்ததாகச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அவமானப்படுத்தப்பட்டவர், அவமானப்படுத்திய பிள்ளைக்கு ஆசிரியராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் செய்ய வேண்டிய வேலை, பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலை, மைதானத்தை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. எல்லாவற்றையும் அவரே செய்கிறார், அதுவும் வேலைநேரத்தில், வேலைச்சட்டையைக் கழற்றிக் கொடுத்து. உலகம் அவரிடம் எதிர்பார்த்த பொறுமை, பண்பு, பெருந்தன்மை எல்லாவற்றையும் அவர் முதல் பாதியிலேயே காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் கத்தல் வேறொரு பக்கத்திலிருந்து தொடர்ந்தது.

இரண்டாம் பாதியின் கடைசி நிமிடங்கள். முன்டாரி நடுவரிடம் போய், ஆட்டத்தை நிறுத்துங்கள், இதைத் தடுங்கள் என்று கேட்கிறார். கூட்டத்தோடு பேசாதே என்று நடுவர் இவருக்குச் சொல்கிறார். முன்டாரி விடவில்லை. வாதாடியதற்காக நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். முன்டாரி தன் கையின் தோலைத் தொட்டுக் காட்டி, இது என் நிறம் என்று கேலரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, களத்தைவிட்டு நடந்து வெளியே போனார். அனுமதியில்லாமல் களத்தை விட்டதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் வெளியேற்றம். அடுத்த ஆட்டத்துக்குத் தடை.

தோழர்களே, விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால் நடுவர் செய்தது இரண்டுமே சரி. நடுவரின் முடிவை எதிர்த்து வாதாடினால் மஞ்சள் அட்டை. அனுமதி இல்லாமல் களத்தை விட்டால் மஞ்சள் அட்டை. விதி யாருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான விதி, எல்லோருக்கும் பொதுவான தண்டனை. அந்தப் பொதுவான விதி அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒரே ஒருவரைத்தான் தண்டித்தது.

அடுத்த சில நாட்களில் லீக்கின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. முன்டாரியின் தடையை உறுதிசெய்தது. காலியாரி கிளப்புக்கு ஒரு தண்டனையும் இல்லை. அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். கத்தியது கண்டிக்கத்தக்கது, ஆனால் கத்தியவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர்தான், மைதானத்தில் இருந்த காலியாரி ரசிகர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே விதிப்படி நடவடிக்கை எடுக்க இயலாது.

இது ஏதோ ஒரு குழு அன்றைக்கு மட்டும் சொன்ன சாக்கு கிடையாது. இத்தாலியக் கால்பந்தின் ஒழுங்கு விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. இனவெறிக் கோஷத்துக்காக ஒரு கிளப்பைத் தண்டிக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்களை அளந்து பார்க்க வேண்டும். எவ்வளவு பேர் கத்தினார்கள், அது உண்மையில் எவ்வளவு தூரம் உணரப்பட்டது. யாருடைய காதுக்கு உணரப்பட வேண்டும்? கத்தப்பட்டவரின் காது இந்தக் கணக்கில் வராது. அறிக்கை எழுதும் அதிகாரிகளின் காதுதான் கணக்கு. ஆட்டத்தை முழுதாக நிறுத்திவிடும் முடிவும் நடுவர் கையில் இல்லை. உள்துறை அமைச்சகம் நியமித்த பொது ஒழுங்கு அதிகாரியின் கையில் இருக்கிறது. அதாவது ஒரு மனிதரின் மானப் பிரச்சினை அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிரச்சினையாக மாறிவிடுகிறது. நிறுத்தினால் கூட்டம் கலவரம் செய்யுமா என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

அந்தச் சதவீதக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கத்தியவர்கள் கூட்டத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. சரி. கேட்டவர் எத்தனை பேர்? ஒருவர். அவருக்குச் சதவீதம் கிடையாது. அவருக்கு அது முழுசாக நூறு.

ஐரோப்பாவின் நிறவெறிக்கு ஒரு வரலாறு, நம் ஊர்ச் சாதிக்கு வேறு வரலாறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப நான் வரவில்லை. ஆனால் எத்தனை பேர் சொன்னார்கள், யார் சாட்சி, எந்த அர்த்தத்தில் சொன்னார்கள், நீ ஏன் கத்தினாய் என்று புகார் கொடுத்தவரை நோக்கியே திரும்பும் கேள்விகள் இந்த அறையில் இருக்கும் பலருக்குப் பழக்கமானவை. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கதைக்குத் திரும்புவோம். தடை அப்படியே நிற்கவில்லை. சர்வதேச ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ தடையை நீக்கச் சொன்னது. முன்னாள் ஆட்டக்காரர் கார்த் க்ரூக்ஸ், தடையை நீக்காவிட்டால் இத்தாலியில் ஆடும் கறுப்பின ஆட்டக்காரர்கள் களமிறங்காமல் புறக்கணிக்க வேண்டும் என்றார். அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த ஸெய்த் ராஅத் அல் ஹுசைன் முன்டாரியைப் பாராட்டிப் பேசினார். சில நாட்களுக்குள் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு தடையை ரத்து செய்தது. தன்னைக் குற்றவாளியைப் போல நடத்தினார்கள் என்று முன்டாரி சொன்னார். தடை போனது. பத்துப் பேர், ஒரு சதவீதம் என்ற அந்தக் கணக்கு போகவில்லை.

இப்போது ஒரு கேள்வி எழும். முன்டாரி கோபக்காரர்தானே? வேறு யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் நடுவர் கேட்டிருப்பாரோ? நியாயமான கேள்வி போலத் தெரியும். அவர் கோபக்காரர் என்பதற்குச் சான்றும் உண்டு. 2014 உலகக் கோப்பையின்போது பேசிய பணம் வரவில்லை என்று கானா ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். அரசு முப்பது லட்சம் டாலருக்கும் மேலான தொகையை ரொக்கமாக விமானத்தில் பிரேசிலுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் முன்டாரி ஒரு நிர்வாகியைத் தாக்கியதாகச் சொல்லி, கானா கால்பந்துச் சங்கம் அவரை அணியிலிருந்து வெளியேற்றியது. அதை நான் மறைக்க மாட்டேன், நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் ஒருவர் அவமானப்படுத்தப்பட்டாரா இல்லையா என்பதற்கும் அவருடைய குணச் சான்றிதழுக்கும் என்ன தொடர்பு?

சரி, குணம்தான் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். 2018 டிசம்பர் 26-க்குப் போவோம். நாப்போலி அணியின் காலிடு கூலிபாலி. செனகல் நாட்டுக்காக ஆடியவர், அமைதியானவர் என்று பெயரெடுத்தவர். இன்டர் மிலானின் மைதானத்தில் அவரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்புகிறார்கள். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை அறிவிப்பு வருகிறது, சத்தம் நிற்கவில்லை. ஆட்டத்தை நிறுத்துமாறு மூன்று முறை கேட்டோம் என்று பயிற்சியாளர் அன்செலோட்டி சொன்னார். நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு ஃபவுலுக்காகக் கூலிபாலிக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட, அவர் நடுவரைப் பார்த்துக் கைதட்டினார். அதற்கு இரண்டாவது மஞ்சள். வெளியேற்றம், இரண்டு ஆட்டங்களுக்குத் தடை, மேல்முறையீடும் தள்ளுபடி. இன்டர் இரண்டு ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் கைதட்டியவரின் தண்டனை குறையவில்லை.

2019 ஏப்ரல். யுவென்டஸின் மொய்ஸ் கீன். இத்தாலியில் பிறந்து வளர்ந்து இத்தாலிக்கே ஆடும் 19 வயதுப் பையன். அதே காலியாரியில் ஆட்டம் முழுக்கக் கத்தல். கோல் அடித்துவிட்டு, கத்திய கூட்டத்தின் முன்னால் கைகளை விரித்து அசையாமல் நின்றான். ஒரு சொல் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் அணியைச் சேர்ந்த மூத்த ஆட்டக்காரர் போனுச்சி, தவறு இரு பக்கமும் பாதிப் பாதி என்றார். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். காலியாரிக்குத் தண்டனை இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அதே மைதானத்தில் இன்டரின் லுகாகு. அதற்கும் தண்டனை இல்லை. இதில் விசித்திரம், லுகாகுவின் சொந்த அணி ரசிகர் குழு ஒன்று அவருக்குத் திறந்த மடல் எழுதியது. அது இனவெறி இல்லையாம், எதிரணி ஆட்டக்காரரைப் பதற்றப்படுத்தும் உத்தியாம், அவர்தான் தவறாகப் புரிந்துகொண்டாராம்.

ஆக, வாதாடியவருக்கு அட்டை. கைதட்டியவருக்கு அட்டை. சும்மா நின்றவனுக்குப் பாதிப் பழி. வாய்விட்டுச் சொன்னவருக்குப் புரிதல் போதாது என்ற பாடம். இவர்கள் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எப்படியும் நடந்திருக்க முடியாது என்பதே பதில். எதிர்ப்பின் வடிவத்தில் தவறு தேடுகிறவர்களுக்கு எந்த வடிவமும் சரியாக இருக்காது.

நடுவரால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். செய்திருக்க முடியும். 2010 அக்டோபரில் இதே காலியாரி மைதானத்தில், இன்டருக்கு ஆடிய காமரூன் நாட்டவர் சாமுவேல் எட்டோவைப் பார்த்துக் கத்தினார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே நடுவர் ஆட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் செய்தார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ 2009-இலேயே மூன்று படி முறையை வகுத்துக் கொடுத்திருந்தது. முதலில் நிறுத்தி அறிவிப்பு. தொடர்ந்தால் ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்பிக் காத்திருப்பது. அதன் பிறகும் தொடர்ந்தால் ஆட்டத்தையே கைவிடுவது. கருவி கையில் இருந்தது. கையில் எடுப்பதா வேண்டாமா என்பது அன்றைய நடுவரின், அன்றைய அதிகாரியின் மனதைப் பொறுத்து நடந்தது. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் இப்போது யார் மனதுக்கும் விடுவதில்லை.

இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். 2012-இல் முன்டாரிக்கு நடந்தது ஒரு தவறு. எல்லோரும் பார்த்தார்கள், ஒரு நடுவர் பார்க்கவில்லை. அந்தத் தவறில் பட்டம் இருக்கிறது, விளம்பரப் பணம் இருக்கிறது, தொலைக்காட்சி உரிமை இருக்கிறது. அதனால் கேமரா வந்தது. 2017-இல் அதே மனிதருக்கு நடந்ததும் ஒரு தவறு. அவர் கேட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள், விதிக்குக் கேட்கவில்லை. அந்தத் தவறில் ஒரு மனிதரின் மானம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு என்ன வந்தது?

பட்டியல் போடுகிறேன். ஃபிஃபா 2013-இல் இனவெறிக்கு எதிராக ஒரு பணிக்குழு அமைத்தது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி 2016 செப்டம்பரில் கலைத்துவிட்டது. அது கலைந்து ஏழு மாதத்தில் முன்டாரி காலியாரியில் தன் கையைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நின்றார். 2019 டிசம்பரில் இத்தாலிய லீக் இனவெறி எதிர்ப்பு இயக்கம் என்று மூன்று ஓவியங்களை வெளியிட்டது. ஓவியத்தில் என்ன இருந்தது தெரியுமா? மூன்று குரங்குகளின் முகங்கள். எல்லோரும் குரங்குகளே என்பது ஓவியரின் விளக்கம். எதிர்ப்புக் கிளம்பியதும் லீக் மன்னிப்புக் கேட்டது. அந்த அறையில் உட்கார்ந்து ஓவியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒருவர் முன்டாரியாகவோ கூலிபாலியாகவோ இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்குமா? முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சும்மா அலங்காரக் கேள்வி கிடையாது.

2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் புதிய சைகை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். இனவெறிக்கு ஆளான ஆட்டக்காரர் மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டினால் நடுவர் மூன்று படி முறையைத் தொடங்க வேண்டும். வரவேற்கலாம். ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு முன்டாரிதான் நினைவுக்கு வந்தார். அவரும் சைகைதானே காட்டினார்? கையைத் தொட்டுக் காட்டினார். சைகை புரியாமல் யாரும் அவருக்கு அட்டை கொடுக்கவில்லை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். 2013 ஜனவரி 3. ஏசி மிலான் அணி, ப்ரோ பாட்ரியா என்ற கீழ்நிலை லீக் அணியோடு நட்பு ஆட்டம் ஆடுகிறது. மிலானின் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கேலரியிலிருந்து குரங்குச் சத்தம். முதல் பாதியின் நடுவில் கெவின் பிரின்ஸ் போவாட்டெங் பந்தைக் கையில் எடுத்துக் கேலரியை நோக்கி உதைத்துவிட்டு, ஜெர்சியைக் கழற்றிவிட்டு நடந்தார். அவர் பின்னால் மிலான் அணி முழுவதும் நடந்தது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. அந்த அணியில் யாருக்கும் தடை இல்லை. அன்றைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர், ஓடிப்போவது தீர்வாகாது என்றார். ஆனாலும் உலகம் போவாட்டெங்கைக் கொண்டாடியது. பிறகு ஃபிஃபாவின் பணிக்குழுவிலும் அவர் சேர்க்கப்பட்டார்.

நான்கு ஆண்டு கழித்து முன்டாரி செய்ததும் அதேதான். வித்தியாசம் ஒன்று, அது நட்பு ஆட்டம், இது லீக் ஆட்டம். புள்ளிகள், விதிகள், தடைகள் எல்லாம் உள்ள ஆட்டம். இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரியது. போவாட்டெங் பின்னால் பத்துப் பேர் நடந்தார்கள். முன்டாரி தனியாக நடந்தார். பெஸ்காரா ஆட்டக்காரர்கள் மீதி நிமிடங்களை ஆடி முடித்தார்கள், 1-0 என்று தோற்றார்கள். ஏற்கெனவே கீழே இறங்குவது உறுதியான அணி. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் இழப்பதற்கு என்ன இருந்தது?

தனியாக ஒருவர் வெளியேறினால் அது ஒழுங்கீனம். பதினொரு பேரும் வெளியேறினால் அது வேலைநிறுத்தம். விதிப்புத்தகம் தனி ஆளுக்கு அட்டை வைத்திருக்கிறது. பதினொரு பேருக்கு என்ன செய்வது என்று அதற்குத் திகைப்பு.

இதை வெறும் ஆசையில் சொல்லவில்லை. 2020 டிசம்பர் 8, பாரிஸ் நகரில் பிஎஸ்ஜி அணியும் துருக்கியின் பஷக்‌ஷேகிர் அணியும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தன. பஷக்‌ஷேகிரின் துணைப் பயிற்சியாளரை நான்காவது நடுவர் நிறத்தைச் சொல்லிக் குறிப்பிட்டார். கேட்டவர்கள் விடவில்லை. இரண்டு அணிகளும் சேர்ந்தே களத்தைவிட்டு வெளியேறின. எதிரெதிர் அணிகள், தோழர்களே. மறுநாள் வேறு நடுவர்களை வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2024 ஜனவரியில் உடினேசே மைதானத்தில், அதாவது முன்டாரி ஐரோப்பாவில் முதலில் ஆடிய ஊரில், மிலானின் கோல்கீப்பர் மைக் மெய்ன்யானைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் நடுவரிடம் சொன்னார், நிற்காமல் போகவே வெளியே நடந்தார். அணி முழுவதும் கூடவே நடந்தது. சில நிமிடங்கள் ஆட்டம் நின்றது. மெய்ன்யானுக்கு அட்டை இல்லை. கத்தியவர்களை அடையாளம் கண்டு வாழ்நாள் தடை விதித்ததாக உடினேசே அறிவித்தது. பத்துப் பேர்தானே, ஒரு சதவீதம்தானே என்று அந்த வாரம் யாரும் சொல்லவில்லை.

பெஸ்காராவை விட்ட பிறகு முன்டாரி 2019-இல் ஸ்பெயினின் இரண்டாம் நிலை லீக்கில் அல்பசேதே அணிக்குச் சில மாதங்கள் ஆடினார். 2022-இல் கானாவுக்குத் திரும்பி, அக்ராவின் பழம்பெரும் கிளப்பான ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் ஜெர்சியைப் போட்டார். அவருக்கு அந்த வயதில் புதிதாக நிரூபிக்க எதுவும் இருக்கவில்லை.

அவரை வீரர், தியாகி என்று மேடையில் ஏற்றுவது எளிது. அப்படி ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டது போல ஆகிவிடும். தனி ஆளின் துணிச்சலைப் புகழ்கிற இடங்களில் எல்லாம், அவர் ஏன் தனியாக விடப்பட்டார் என்ற கேள்வி மெல்ல மறைந்துபோகும். நான் உங்களிடம் விட்டுச்செல்ல விரும்புவது அந்தக் கேள்வியை. நம்மில் எல்லோரும் முன்டாரி ஆக வேண்டியதில்லை. நம் வகுப்பிலோ விடுதியிலோ அலுவலகத்திலோ யாராவது ஒருவர் எழுந்து நடக்கும்போது, மிச்சமிருக்கும் பத்துப் பேரில் நாம் இருப்போம். அந்தப் பத்துப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மஞ்சள் அட்டை யாருக்கு என்பது முடிவாகிறது.